அடக்க ஆராதனைத் தாளின் பின்பக்கம்

மின்சாரம் போய் மூன்று மணி நேரம்.
தகரக் கூரையில் மழை,
காணிக்கைத் தட்டில் யாரோ
சில்லறையாகவே கொட்டுவதுபோல.
வருடக்கடைசி ஆராதனைக்கு நேரமிருக்கிறது.
எழுத வேறு தாள் அகப்படவில்லை.
முசுமாராவின் அடக்கத்துக்கு
அச்சடித்ததில் மிஞ்சியது இது.
முன்பக்கம் அவருடைய பிறப்பும் இறப்பும்.
பின்பக்கம் எனக்கு.

சென்ற ஆண்டும் எழுதினேன்:
விடியுமுன் எழுவேன்,
வேதாகமத்தை இருமுறை முடிப்பேன்,
கோபத்தை விடுவேன்.
லேவியராகமத்தில் நின்றது ஓட்டம்.
கோபம் மட்டும்
தவறாமல் விடியுமுன் எழுந்தது.

ஆகவே இம்முறை
என் கைக்கு எட்டுகிறவை மட்டும்.

களஞ்சியச் சாவி இனி என் பையில் இராது.
ஜனவரி பிறந்தால் ரும்பி முழுக்கப் பசி;
மார்ச்சில் சோளம் முற்றும்வரை
அடுப்புகள் ஒருவேளைக்குக் குறையும்.
தசமபாகச் சோளமோ
என் வீட்டில் கூரைமட்டும்.
போன பசிக்காலத்தில் செகானி
என்னைக் கேளாமல்
இரண்டு தகரம் அளந்து கொடுத்தாள்.
கணக்கு, ஒழுங்கு, சபைச் சட்டம் என்று
என் மனைவிக்கே ஒரு பிரசங்கம் செய்தேன்.
அந்த ஞாயிறு ஆலயத்தில் எடுத்த பொருள்
சாறிபாத் விதவை.
முன்வரிசையில் அவள்
சிரிக்கவில்லை. அது போதுமாயிருந்தது.
சாவி வெளிச்சுவர் ஆணியில் தொங்கட்டும்.

ஜெபத்தில் ஒற்றைக் கண்ணைத் திறந்து
தலை எண்ணமாட்டேன்.
ஆற்றுக்கு அக்கரையில் புதுக் கூடாரம்,
ஒலிபெருக்கி, சாட்டின் கோட்டுப் போட்ட தீர்க்கதரிசி.
அங்கே எத்தனை பேர் என்று
மூப்பர் லுஹாங்காவிடம்
சும்மா கேட்பதுபோலக் கேட்பதையும் விடுவேன்.
(இதை எழுதும்போதே
கேட்க வேண்டும்போல் இருக்கிறது.)

"உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்பது
சந்தையில் நான் வாங்கிக்கொண்டே போகும் கடன்.
இனி சைக்கிளை வேலியில் சாய்த்து,
நின்ற இடத்திலேயே,
தக்காளிக் கூடைகளுக்கு நடுவே
அடைத்துவிட்டுப் போவேன்.

விசுவாசம் வற்றிய நாளில்
குரலை உயர்த்தமாட்டேன்.
அதை எழுப்புதல் என்று
இரண்டு சபைகளில் பாராட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்று.
இதைத்தான் முதலில் எழுதியிருக்கவேண்டும்.
மழையை எழுதினேன், சோளத்தை எழுதினேன்.

ஜூலையில், பொலேரோவுக்கு அப்பால்,
ஒரே நாளில் எனக்கு மூன்றாவது அடக்கம்.
சைக்கிள் சங்கிலி அறுந்து
தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.
சிறிய பெட்டி.
குழியருகே நின்று
காலையில் புதைத்த குழந்தையின் பெயரைச் சொல்லி
இந்தக் குழந்தையைக் கர்த்தரிடம் ஒப்புவித்தேன்.
ஒருவரும் திருத்தவில்லை.
போதகரைத் திருத்தும் வழக்கம் இங்கே கிடையாது.
மண் விழும்போது தாய் மட்டும்
உதட்டுக்குள் சொன்னாள்:
தவோங்கா.
'நன்றி சொல்கிறோம்' என்று அர்த்தம்.
எனக்குக் கேட்டது.
கேட்காதவன்போல
ஆசீர்வாதம் கூறி முடித்தேன்.

ஐந்து மாதமாய் அந்தப் பக்கம் போவதற்குச்
சுற்றுவழி பிடிக்கிறேன்.
பாலம் சரியில்லை என்கிறேன் செகானியிடம்.
பாலம் நன்றாகவே இருக்கிறது.

பிரசங்கத்துக்குக் குறிப்பு வைத்திருக்கிறேன்,
பஞ்சாங்கம்போல் வருடம் முழுக்கத் தேதியிட்டு.
அந்த முற்றத்தில் போய் நின்று
என்ன சொல்வதென்று குறிப்பு இல்லை.
"அம்மா, நான் பெயரை மாற்றிச் சொன்னேன்."
இவ்வளவுதான் வருகிறது.
அவள் கதவைச் சாத்தலாம்.
சீமா கிண்டி உட்காரச் சொல்லலாம்.
இரண்டாவதற்குத்தான் எனக்குப் பயம்.

வெளியே லுஹாங்கா
லாரிச் சக்கர வளையத்தை அடிக்கத் தொடங்கிவிட்டார்;
நனைந்த ஜனங்கள் வருகிறார்கள்.
நள்ளிரவில் இவர்களுக்கு
புதிய சிருஷ்டியைப் பற்றிப் பேசவேண்டும்.
பேசுவேன், மெதுவாக.

விடிந்தால் பதினெட்டு கிலோமீட்டர்.
பின் சக்கரத்துக்குக்
காற்றடிக்க வேண்டும்.